திருவாளர் ஃபில்பாட்ஸ் கூப்பிட்டார்

உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் எது என்று கேட்டால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எந்த கிரிக்கெட் பண்டிதரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வார்: மெல்போர்ன், 1877, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும். தப்பு. அது முதல் டெஸ்ட். அதற்கு 33 வருஷம் முன்பே இரண்டு தேசங்கள் மோதி, ஒன்று ஜெயித்து, ஒன்று தோற்று, பணம் கைமாறி, எல்லாச் சடங்கும் முறைப்படி முடிந்துவிட்டது. ஆடியவர்கள் அமெரிக்காவும் கனடாவும்.

சிரிக்காதீர்கள். ஐந்து நாள் ஆடியும் டிரா ஆகலாம் என்று கேட்டால் மயங்கி விழுகிற அமெரிக்காவேதான். பாதி வருஷம் மைதானத்தைப் பனிக்கடியில் தோண்டித் தேடவேண்டிய கனடாவேதான்.

நம் வீடுகளில் ஒரு பெரியப்பா இருப்பார். "அந்தக் காலத்துல கிரிக்கெட் கனவான்கள் ஆட்டமா இருந்துச்சு. துட்டு வந்துச்சு, சூதாட்டம் வந்துச்சு, எல்லாம் நாசமாப் போச்சு" என்று ஐ.பி.எல். ஓடும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். ஏலத்தொகையைக் கேட்டால் இன்னொரு பெருமூச்சு. அவருக்கு இந்தக் கதையை அவசியம் சொல்லவேண்டும். துட்டும் சூதாட்டமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. பிரசவ அறையிலேயே குழந்தைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவை.

ஆரம்பம் 1840. அப்போது கனடா என்று ஒரு தேசமே கிடையாது. டொரான்டோ இருந்த பகுதிக்கு மேல் கனடா என்று பெயர். பிரிட்டிஷ்காரர்களின் குடியேற்ற நாடு. நகரத்துக்கு டொரான்டோ என்று பெயர் வைத்தே ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கும் அமெரிக்காவுக்கும் நடுவே உறவு ஒன்றும் தேனும் பாலுமாக ஓடவில்லை. 1837 டிசம்பரில்தான் கனடா பக்கத்து ஆட்கள் நயாகரா ஆற்றில் நின்ற ‘கரோலின்’ என்ற அமெரிக்க நீராவிப் படகுக்குத் தீவைத்து, எரிய எரிய ஆற்றோடு அனுப்பிவைத்திருந்தார்கள். கனடாவில் கலகம் செய்தவர்களுக்கு அந்தப் படகு சாமான் கடத்திக்கொண்டிருந்ததாம். எல்லையில் இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்ற காலம்.

அந்த நேரத்தில் நியூயார்க்கில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்புக்கு ஓர் அழைப்பு வந்தது. டொரான்டோ கிளப் சார்பில் ஃபில்பாட்ஸ் என்ற பெரிய மனிதர் கூப்பிடுகிறார், வாருங்கள், ஆடலாம். செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஆங்கிலேயர்கள். புனித ஜார்ஜ் டிராகனைக் கொன்றவர் என்பதால் இவர்களுக்கு ‘டிராகன் கொல்லிகள்’ என்று பட்டப்பெயர் வேறு. இங்கிலாந்தை விட்டு வந்தாலும் மட்டையை விடாத கூட்டம். கூப்பிட்டால் போதும், கிளம்பிவிடும்.

கிளம்பினார்கள், 18 பேர். நியூயார்க்கிலிருந்து டொரான்டோ இன்றைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சமோசா தின்று முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். அன்றைக்குக் குதிரைவண்டியில் குலுங்கிக் குலுங்கி நியூயார்க் மாநிலத்தைக் கடந்து, பிறகு ஒன்டாரியோ ஏரியை நீராவிக் கப்பலில் தாண்டவேண்டும். போன் செய்து "சார், மேட்ச் கன்ஃபர்ம்தானே?" என்று கேட்க வழியில்லை. மோர்ஸ் தன் முதல் தந்தியை வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தட்டியதே 1844 மே மாதத்தில்தான். ஆகவே ஃபில்பாட்ஸின் வார்த்தையே வேதவாக்கு.

1840 ஆகஸ்ட் 28. எலும்பெல்லாம் கழன்ற நிலையில் டொரான்டோவில் வந்து இறங்கினார்கள். பெண் பார்க்கப் பூ, பழத்தோடு இருபது பேர் வந்து இறங்க, "எங்க வீட்ல பொண்ணே இல்லீங்களே" என்று வீட்டுக்காரர் வாசலில் கைலியோடு நின்றால் எப்படி இருக்கும்? அப்படியே நடந்தது. மேட்ச் எப்போது என்று இவர்கள் கேட்க, எந்த மேட்ச் என்று டொரான்டோ கிளப்காரர்கள் கேட்டார்கள். அப்படி ஒரு அழைப்பை அவர்கள் அனுப்பவே இல்லை. ஃபில்பாட்ஸ் என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒரு புண்ணியவான் நியூயார்க்காரர்களின் காதில் கிலோக் கணக்கில் பூச்சுற்றியிருக்கிறான். நமக்கு மொட்டைக் கடுதாசி தெரியும். இது பெயர் போட்டு வந்த மொட்டைக் கடுதாசி.

இந்த இடத்தில் டொரான்டோ கிளப்பை மெச்சத்தான் வேண்டும். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, போய் ஃபில்பாட்ஸைக் கேளுங்கள்" என்று கதவைச் சாத்தியிருக்கலாம். நம் ஊர் அரசு அலுவலகங்களில் அப்படித்தான் பக்கத்து கவுண்டருக்கு அனுப்புவார்கள். டொரான்டோவில் ஜார்ஜ் பார்பர் என்று ஒரு செயலாளர் இருந்தார். அப்பர் கனடா கல்லூரியில் வாத்தியார், கனடா கிரிக்கெட்டின் தந்தை என்று பிற்பாடு பெயர் வாங்கியவர். இவரும் கிளப்பின் மற்ற பெரியவர்களும் அவசரமாகக் கூடிப் பேசினார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று நானே யூகித்துக்கொள்கிறேன்:

"வந்துட்டாங்கய்யா. இப்ப என்ன பண்றது?"

"டிபன் குடுத்து அனுப்பிடலாமா?"

"பதினெட்டுப் பேருக்கு டிபன் குடுக்கிற செலவுக்கு மேட்சே ஆடிடலாம்."

ஆடினார்கள். சும்மா இல்லை. ஒரு பக்கத்துக்கு 50 பவுண்டு பந்தயம் கட்டி ஆடினார்கள். வந்தவர்களுக்கு விருந்து வைப்பதில்கூடப் பந்தயம் உண்டு, கவனிக்கவும். 34ஆம் படைப்பிரிவின் வாத்தியக் கோஷ்டி வந்து வாசித்தது. கவர்னர் சர் ஜார்ஜ் ஆர்தரே நேரில் வந்து பார்த்தார். கூட்டம் முண்டியடித்தது. விருந்துக்கு வந்தவர்கள் கொஞ்சமாவது நன்றியோடு நடந்துகொண்டார்களா என்றால், டொரான்டோவை 10 விக்கெட்டில் உதைத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

போலி ஆசாமி விதைத்த விதை முளைத்துவிட்டது. வாங்கின அடியைக் கனடாக்காரர்கள் மறக்கவில்லை. 1841இல் மேல் கனடாவையும் கீழ் கனடாவையும் ஒட்டவைத்து ஒரே மாகாணமாக ஆக்கியிருந்ததால், இப்போது அணிக்கு வைக்கத் தோதான பெயரும் கிடைத்தது. கிளப்புக்குக் கிளப் என்பது போய், தேசத்துக்குத் தேசம் என்று பேச்சு வளர்ந்தது. 1844 செப்டம்பர் 24, மன்ஹாட்டனில் செயின்ட் ஜார்ஜ் கிளப் மைதானம். அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் கனடா. பரிசுத் தொகை 1,000 டாலர்.

வெளியே ஓடிய பணம்தான் விஷயம். பார்வையாளர்கள் கட்டிய பந்தயம் ஒரு லட்சம் முதல் ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் வரை இருந்திருக்கும் என்கிறார்கள். ஒரு கூலியாள் நாள் முழுக்க முதுகொடிந்தால் சுமார் ஒரு டாலர் கிடைத்த காலம் அது. பார்க்க வந்த கூட்டம் 5,000 என்றும் சொல்கிறார்கள், 20,000 என்றும் சொல்கிறார்கள். அரசியல் மாநாட்டுக் கூட்டத்தைப் போலீஸ் ஒரு விதமாகவும் கட்சி ஒரு விதமாகவும் எண்ணுவது நமக்குப் பழக்கம்தானே, ஆகவே இதில் வியப்பில்லை.

இன்றைய கிரிக்கெட்டை மனசில் வைத்துக்கொண்டு அந்த மைதானத்தைக் கற்பனை செய்யாதீர்கள். ஓவருக்கு நாலு பந்து. கை தோளுக்கு மேலே போய்ப் பந்து வீசினால் நோ பால்; மேலே வீச அனுமதி 1864இல்தான் வந்தது. பிட்ச்சோ, பந்து எங்கே குத்தி எங்கே எழும்பும் என்று அதற்கே தெரியாத மாதிரியான தரை. ஹெல்மெட் பற்றிய பேச்சே இல்லை, தொப்பிதான்.

ஸ்கோரைப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் கனடா 82. அமெரிக்கா 64. இரண்டு நாளில் முடிக்கத் திட்டம். இரண்டாம் நாளை வானம் தின்றுவிட்டது. ஆக, முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டத்திலேயே ஒரு முழு நாள் அம்பேல். மூன்றாம் நாளில் கனடா இரண்டாவது இன்னிங்ஸில் 63. அமெரிக்கா ஜெயிக்கத் தேவை 82 ரன். சொந்த மண், சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், அந்தக் கூட்டத்தின் பாக்கெட்டில் இருந்த காசெல்லாம் பந்தயத்தில்.

இந்த இடத்தில் ஜார்ஜ் வீட்கிராஃப்ட் என்ற அமெரிக்க வீரரை மேடைக்கு அழைக்கவேண்டும். அழைத்தார்கள். ஆள் இல்லை. கடைசி நாள் ஆட்டத்துக்கு அவர் வரவே இல்லை. அவருக்காகக் காத்துப் பார்த்தார்கள். விக்கெட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. கண்களெல்லாம் வாசலைப் பார்த்தபடி இருந்தன. அமெரிக்கா 58 ரன்னில் முடிந்தது, ஒரு ஆள் குறைவாக. 23 ரன்னில் கனடா ஜெயித்தது. ஆட்டம் முடிந்து இருபது நிமிஷம் கழித்து வீட்கிராஃப்ட் வந்து சேர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஒரு லட்சம் டாலர் தொங்கிக்கொண்டிருந்த மைதானத்துக்குள், ஒன்றும் நடக்காதது மாதிரி நுழைந்த அந்த மனிதரின் முகத்தை எனக்குப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. "டிராஃபிக்" என்று சொல்லியிருக்க முடியாது. சொன்னாலும் குதிரை டிராஃபிக்தான். அவர் மட்டும் வந்து 24 ரன் அடித்திருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அன்றைய பிட்ச்சில் இரண்டு முழு அணிகள் சேர்ந்து, நாலு இன்னிங்ஸில், மொத்தமே 267 ரன்தான் எடுத்தன. வீட்கிராஃப்ட் வந்திருந்தாலும் இரண்டு ரன் எடுத்து ஆட்டம் இழந்திருப்பார் என்பது என் கட்சி. வராமல் போனதால்தான் பெயர் நிலைத்தது. புத்திசாலி.

அடுத்த வருஷம் மான்ட்ரியாலிலும் நியூயார்க்கிலும் மறுபடி ஆடினார்கள். இரண்டிலும் கனடாவுக்கே வெற்றி. அமெரிக்கர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு 1846க்குக் காத்திருந்தார்கள்.

1846 ஆட்டத்தைத்தான் பெரியப்பாவுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும். நியூயார்க், ஹார்லெம். கனடாவின் ஹெலிவெல் பந்தை வானத்துக்குத் தூக்கினார். பந்து வீசிய அமெரிக்கர் டட்சன் அண்ணாந்து பார்த்தபடி கேட்ச் பிடிக்க வந்தார். ரன் எடுக்க ஓடிய ஹெலிவெல், வழியில் நின்ற டட்சன் மேல் எருமை மாதிரி மோதி அவரைத் தரையில் சாய்த்தார். டட்சன் விழுந்தும் பந்தை விடவில்லை, கேட்ச் கேட்ச்தான். எழுந்தார். கையில் பந்து இருந்தது. எதிரே ஹெலிவெல் இருந்தார். கணக்கு எளிது. பந்தை அவர் மேலேயே விட்டெறிந்தார்.

அவ்வளவுதான். கனடா அணி இனி ஆடமாட்டோம் என்று மூட்டையைக் கட்டியது. முதலில் இடித்தது இவர்கள் ஆள். முகம் தூக்கிக்கொண்டு வெளியேறியதும் இவர்களே. தெருவில் மட்டைக்குச் சொந்தக்காரப் பையன் அவுட் ஆனால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இரண்டு தேசங்களும் அடுத்த ஏழு வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. மறுபடி ஆடியது 1853இல்தான். மன்கட் ரன் அவுட், உப்புத்தாள் தேய்த்த பந்து என்று நாம் இன்றைக்கு வாரக்கணக்கில் விவாதிக்கிறோம். கனவான்கள் அன்றைக்கு நேரடியாகப் பந்தையே எறிந்தார்கள், விவாதம் மிச்சம்.

இதையெல்லாம் இங்கிலாந்து தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1859இல் ஜார்ஜ் பார் தலைமையில் 12 தொழில்முறை ஆட்டக்காரர்கள் லிவர்பூலில் கப்பல் ஏறினார்கள். கிரிக்கெட் வரலாற்றின் முதல் கடல்கடந்த சுற்றுப்பயணம் அதுதான். ஆஸ்திரேலியாவுக்கு இல்லை, இந்தியாவுக்கு இல்லை, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். கூடவே ஃபிரெட் லில்லிவைட் என்பவர் ஒரு கூடாரத்தையும் அச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார், ஸ்கோர் அட்டையை ஆங்காங்கே சுடச்சுட அச்சடித்து விற்க. ஊர் ஊராக அந்தப் பெட்டிகளை ஏற்றி இறக்குவதில் கேப்டன் பாருக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. எதிரணியில் 22 பேர் நின்றும் ஐந்து ஆட்டத்திலும் இங்கிலாந்துதான் ஜெயித்தது. கடைசி ஆட்டம் ராச்செஸ்டரில், அக்டோபர் குளிரில். ஓவர்கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஃபீல்டிங் செய்தார்கள்.

பிறகு ஏன் அமெரிக்கா கிரிக்கெட்டை விட்டது? 1861இல் உள்நாட்டுப் போர் வந்தது, வெட்டி வழித்துத் தரை தயார் செய்யாமலே ஆடக்கூடிய பேஸ்பால் படைவீரர்களுக்குத் தோதாக இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த விளக்கம் ஒரு குடும்பக் கதை. 1844இல் அமெரிக்காவுக்கு ஆடியவர்களில் சாம் ரைட் ஒருவர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்தவர், செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆட்டக்காரர். தன் பையன்களுக்கும் கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுத்தார். பையன்கள் ஹாரியும் ஜார்ஜும் என்ன செய்தார்கள்? 1869இல் அமெரிக்காவின் முதல் பகிரங்கத் தொழில்முறை பேஸ்பால் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திக் காட்டினார்கள். ஹாரி மேனேஜர், ஜார்ஜ் நட்சத்திரம். இருவருமே இன்றைக்கு பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். அப்பா கஷ்டப்பட்டு நட்ட மரத்தைப் பிள்ளைகளே வெட்டி, பேஸ்பால் மட்டை செய்துகொண்டார்கள்.

அதற்காக அமெரிக்காவில் கிரிக்கெட் ஒரேயடியாகச் செத்தும் போகவில்லை. ஃபிலடெல்ஃபியா பிடிவாதமாக ஆடிக்கொண்டிருந்தது. அங்கேதான் பார்ட் கிங் என்ற மகா வேகப்பந்து வீச்சாளர் வந்தார். 1897இல் இங்கிலாந்தின் ஹோவ் மைதானத்தில் சசெக்ஸ் அணியை 46 ரன்னில் சுருட்டினார்கள். கிங் 13 ரன்னுக்கு 7 விக்கெட். அந்த ஏழில் ஒன்று, முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்த நம் ரஞ்சி. ஆம், நாம் கோப்பைக்குப் பெயர் வைத்திருக்கும் அதே ரஞ்சித்சிங்ஜி. இப்பேர்ப்பட்ட ஆளை வைத்துக்கொண்டும், 1909இல் இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் உருவானபோது அமெரிக்காவுக்கு வாசற்படியிலேயே தடை. சாம்ராஜ்யத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமாம். முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடிய தேசத்தை, சர்வதேச சங்கத்துக்குள் விட 1965 வரை ஆனது. அந்த வருஷம் கூடவே உள்ளே நுழைந்த இன்னும் இருவர் ஃபிஜியும் இலங்கையும். இலங்கை 1996இல் உலகக்கோப்பையைத் தூக்கியது. அமெரிக்கா அந்த வருஷம் அட்லான்டாவில் ஒலிம்பிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தது. அவரவர் முன்னுரிமை அவரவருக்கு.

போலி அழைப்பில் பெயர் அடிபட்ட அந்த டொரான்டோ கிளப் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? நீங்கள் டிவியில் பார்த்திருக்கிறீர்கள். ஐஸ் சறுக்கல், கர்லிங் கோஷ்டிகளோடு கூட்டுக்குடித்தனம் வைத்து டொரான்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப் என்று நீண்ட பெயரோடு வாழ்கிறது. 1996 முதல் 1998 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் சஹாரா கோப்பை ஆடிய இடம் அதுதான். 1997இல் ஒரு ரசிகர் மெகாஃபோனில் உருளைக்கிழங்கு என்று கூவ, பாகிஸ்தானின் இன்சமாம் மட்டையை வரவழைத்துக்கொண்டு கேலரிக்குள் ஏறியது அங்கேதான். ஹெலிவெல், டட்சன் ஆவிகள் அன்றைக்கு எங்காவது மூலையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கும்.

சரி, பாக்கி ஒன்று இருக்கிறது. 2024 ஜூன் 1. டி20 உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டம். டல்லாஸுக்குப் பக்கத்தில் கிராண்ட் பிரெய்ரி மைதானம். ஒருகாலத்தில் பேஸ்பால் மைதானமாக இருந்ததை இடித்து மாற்றி கிரிக்கெட்டுக்குக் கொடுத்தது. சாம் ரைட்டுக்கு அவர் பிள்ளைகள் பட்ட கடன் ஒருவழியாக அடைந்தது. மோதியவர்கள், வேறு யார், அமெரிக்காவும் கனடாவும். செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள் என்றேன் அல்லவா? 2024இல் அமெரிக்காவின் கேப்டன் குஜராத்தின் ஆனந்தில் பிறந்த மோனாங்க் படேல். கனடாவின் கேப்டன் பாகிஸ்தானின் குஜ்ரன்வாலாவில் பிறந்த சாத் பின் ஸஃபர். கனடாவின் பயிற்சியாளர் இலங்கையின் புபுது தசநாயக்க. இவர் அதற்கு முன்னால் அமெரிக்காவுக்கும் பயிற்சியாளராக இருந்தவர். வந்தவன் போனவனெல்லாம் ஆடினால் அது என்ன தேசிய அணி என்று முகம் சுளிப்பவர்கள், 180 வருஷமாக வந்தவர்கள்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க.

கனடா 194 எடுத்தது. அமெரிக்கா 17.4 ஓவரிலேயே அதைத் தாண்டி 7 விக்கெட்டில் ஜெயித்தது. ஆரன் ஜோன்ஸ் 40 பந்தில் 94, ஆட்டம் இழக்கவில்லை. நியூயார்க்கின் குவீன்ஸில் பிறந்தவர், மைதானத்துக்கும் நேரத்துக்கு வந்திருந்தார். அவர் அடித்த சிக்ஸர் 10. அந்தச் சிக்ஸர்களின் ரன் மட்டும் 60. வீட்கிராஃப்டுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே 1844இல் ஒரு முழு அமெரிக்க அணி எடுத்தது 58.

ஆகவே, அடுத்த முறை ஏதாவது வினாடி வினாவில் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் எது என்று கேட்டால், தயங்காமல் நியூயார்க், 1844 என்று சொல்லுங்கள். மெல்போர்ன் என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள், மார்க் போகும். போகட்டும்.